கணக்கேட்டில் பெயரில்லாத மனைவியர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், மேற்கு எல்லைக் கோட்டைகளுக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களின் மனைவிகள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள், ராணுவம் அவர்களுக்கு என்னென்ன செய்துகொடுத்தது என்பது கேள்வி. இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் முதல் பாதி புரியும்.

அதிகாரியின் மனைவிக்கு ராணுவம் எதையும் செய்துகொடுக்கவில்லை. அன்றைய ராணுவ விதிப் புத்தகத்தில் குதிரைக்குத் தீவனம் எவ்வளவு, கோவேறு கழுதைக்கு எவ்வளவு என்று இருக்கும். அதிகாரியின் மனைவி என்று ஒரு வரி இருக்காது. முகாமின் பின்னால் வரும் வெளியாட்கள் என்று ஒரு பொது வகை உண்டு. கோட்டைத் தளபதி நினைத்தால் இருக்கவிடலாம், வேண்டாம் என்றால் அனுப்பிவிடலாம். கர்னலின் மனைவியும் சட்டப்படி அந்த வகைதான்.

ஆனால் படைப்பிரிவுக் கணக்கில் ஒரே ஒரு பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இருந்தது. சலவைப் பெண். 1802ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே ஒரு கம்பெனிக்கு, அதாவது படையின் ஒரு சிறு பிரிவுக்கு, நால்வர் வரை சலவைப் பெண்கள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பின்னாளில் பத்தொன்பதரை வீரர்களுக்கு ஒருத்தி என்று கணக்கை இறுக்கினார்கள். அந்த அரை ஆள் எப்படி வந்தான் என்று கேட்காதீர்கள், கணக்கர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். அவளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ரேஷன், தங்க இடம், விறகு, கோட்டை மருத்துவரின் சிகிச்சை, படை நகரும்போது வண்டியில் இடம், எல்லாம் உரிமையாகக் கிடைத்தன. இவர்களில் பெரும்பாலோர் சாதாரண வீரர்களின் அல்லது சார்ஜென்ட்களின் மனைவிகள். கம்பெனித் தளபதியின் அனுமதி இல்லாமல் வீரன் கல்யாணம் செய்ய முடியாது. அனுமதி கிடைப்பதே பெரும்பாலும் சலவைப் பணியில் ஓர் இடம் காலியாக இருந்தால்தான்.

வரும்படியும் மோசமில்லை. சலவைக்கு என்ன கூலி என்பதைக் கோட்டையின் அதிகாரிகள் குழு தீர்மானிக்கும். இடத்துக்கு இடம் மாறினாலும், ஒரு வீரனின் துணிக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். சம்பள நாளன்று மேசையிலேயே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். பத்தொன்பது பேரின் துணியை வெளுத்தால், 1871க்குப் பிறகு மாதம் 13 டாலர் வாங்கிய அவள் கணவனைவிட அவள் கையில் அதிகம் சேரும். அதிகாரிகளின் வீட்டுத் துணிக்குத் தனிக் கூலி. பிரசவம் பார்ப்பது, பலகாரம் சுட்டு விற்பது எல்லாம் அதற்கு மேல்.

உழைப்பு லேசானதில்லை. சமவெளிக் கோட்டைகளில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சோப்புப் போட்டால் நுரைக்காமல் தயிர்போலத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் சலவைச் சோடாவோ மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரோ விட்டுத் தண்ணீரை இளக்கவேண்டும். மழை பெய்தால் பீப்பாய்களில் பிடித்துவைப்பார்கள், அந்தத் தண்ணீர் தங்கம். பருத்தி உள்ளாடைகளை இரும்புக் கொப்பரையில் போட்டு வேகவைக்கலாம். கம்பளிச் சட்டையையும் நீலக் கால்சட்டையையும் கொதிநீரில் போட்டால் சுருங்கிப் பிள்ளைச் சட்டையாகிவிடும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான், கையால்தான் கசக்கவேண்டும். வீரன் ஐந்து ஆண்டு ஒப்பந்தக்காரன், துணியைக் கெடுத்தால் அதற்கான காசும் சண்டையும் அவள் தலையில். இவர்கள் குடியிருந்த வரிசைக்குச் சோப்பு நுரைத் தெரு என்று எல்லாக் கோட்டையிலும் பட்டப்பெயர். கோட்டையின் பின்புறம், லாயத்துக்கும் ஆற்றுக்கும் பக்கத்தில் இருக்கும்.

ஏழாம் குதிரைப்படையின் சலவைப் பெண்களில் திருமதி நாஷ் என்பவர் பெயர்போனவர். கைத்தையல், பழப் பணியாரம், பிரசவம் பார்ப்பது மூன்றிலும் கெட்டிக்காரர். 1878இல் லிங்கன் கோட்டையில் அவர் இறந்தார். உடலைக் குளிப்பாட்டாமல் அப்படியே புதைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தோழிகள் மனம் கேளாமல் குளிப்பாட்டப் போனபோதுதான் உடல் ஆணுடல் என்று தெரிந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிய கேலியாக்கின. அவர் கையில் பிறந்த குழந்தைகளின் தாய்மார் என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

அதே 1878 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சலவைப் பணியை ஒழித்தது. ஏற்கெனவே இருந்தவர்கள் கணவனின் அப்போதைய ஒப்பந்தம் முடியும்வரை நீடிக்கலாம், புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. செலவு மிச்சம் என்று காரணம் சொன்னார்கள். அத்தோடு படைப்பிரிவுக் கணக்கில் இருந்த ஒரே பெண்ணும் போனாள். துணி வெளுக்கும் வேலை போகவில்லை. அதே பெண்கள் அதே கொப்பரையில் அதே துணியை, ரேஷனும் வீட்டு உரிமையும் இல்லாமல் வெளுத்தார்கள்.

இனி வீடு. கோட்டை என்றதும் மதில், கொத்தளம் என்று நினைக்கவேண்டாம். வயோமிங்கின் ஃபில் கியர்னி போன்ற சிலவற்றுக்கு மரவேலி இருந்தது. பெரும்பாலானவை திறந்த வெளியில் ஒரு சதுர அணிவகுப்புத் திடல், அதைச் சுற்றிக் கட்டடங்கள், அவ்வளவுதான். ஒரு பக்கம் அதிகாரிகள் வரிசை, எதிர்ப்பக்கம் வீரர் கொட்டடி, மற்ற பக்கங்களில் அலுவலகம், கிடங்கு, மருத்துவமனை. அதிகாரிக்கு எத்தனை அறை என்பது பதவியைப் பொறுத்தது. லெப்டினன்டுக்கு ஓர் அறையும் சமையலறையும். கேப்டனுக்கு இரண்டு அறை. மனைவி, நான்கு பிள்ளைகள், மாமியார் என்று எத்தனை பேர் இருந்தாலும் கணக்கு மாறாது. மணமாகாத கேப்டன் இரண்டு அறையில் தனியே இருப்பார், ஐந்து பேர் குடும்பம் பக்கத்தில் ஓர் அறையில் நெருக்கியடிக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை, பதவியால் வெளியேற்றும் வழக்கம். புதிதாக வரும் அதிகாரி தன்னைவிடக் கீழ்ப்பதவியில் உள்ள எவருடைய வீட்டையும் சுட்டிக்காட்டி எடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே பதவி என்றால் நியமனத் தேதி முந்தியவர் ஜெயிப்பார். ஒரு மேஜர் வந்தால் மூத்த கேப்டனின் வீட்டை எடுப்பார், அவர் இளைய கேப்டனின் வீட்டை, அவர் மூத்த லெப்டினன்டின் வீட்டை. வரிசையின் கடைசியில் இருக்கும் இரண்டாம் லெப்டினன்டின் மனைவி, அன்று மாலையே கூடாரத்துக்கோ யார் வீட்டு நடைக்கோ போவாள். செங்கல் சரிவு என்று இதைச் சொல்வார்கள். வரிசையாக நிறுத்திய செங்கல்லில் முதலாவதைத் தட்டினால் எப்படியோ அப்படி. அவகாசம் பெரும்பாலும் சில மணி நேரம்தான். 1870களில் எல்லைக் கோட்டைகளில் இருந்த பிரான்சஸ் ரோ என்ற லெப்டினன்டின் மனைவி, சுவரெல்லாம் சீர்செய்து குடியேறிய கையோடு வீட்டை இழந்த ஆத்திரத்தைத் தாய்வீட்டுக் கடிதத்தில் கொட்டியிருக்கிறார். கோட்டைகளில் வருடக்கணக்கில் புகைந்த பகைகளில் பாதிக்கு மூலம் இந்த விதி என்பது என் கணிப்பு. எந்த வீடு வேண்டும் என்பதை அதிகாரி சுட்டினாலும், யார் சுட்டச் சொன்னது என்பது எல்லாருக்கும் தெரியும்.

எனவே வீட்டுச் சாமான் எல்லாமே கழற்றி மாட்டுகிற சங்கதி. படைப் பொருள்கள் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்தால் மேசை, அடுக்கினால் அலமாரி. பீப்பாயின் முன்பாதிப் பலகைகளை இடுப்பளவில் அறுத்துவிட்டு, பின்பாதியைச் சாய்வுக்கு விட்டு, நடுவில் பலகை அடித்து, வைக்கோல் திணித்துச் சீட்டித்துணி போர்த்தினால் சாய்வு நாற்காலி. தானியச் சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால் தரைவிரிப்பு, அதன் மேல் சாம்பல் நிற ராணுவக் கம்பளி. கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் திரைச்சீலையின் அடிமடிப்பைத் தாராளமாக விட்டுத் தைப்பார்கள், அடுத்த வீட்டின் ஜன்னல் எத்தனை அடி என்று யாருக்குத் தெரியும்? இடமாற்ற உத்தரவு வந்தால் மரச்சாமான்களை ஏலம் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். போகிறவளின் அடுப்பை வந்தவள் வாங்குவாள். எடுத்துச்செல்லும் பாரத்துக்குப் பதவிப்படி எடை வரம்பு உண்டு, லெப்டினன்டுக்கு மிகக் குறைவு.

தென்மேற்கில் வீடு என்றால் வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல் சுவரும் மண்கூரையும். கம்புகளைப் பரப்பி, மேலே சுள்ளியும் புல்லும் போட்டு, அதன் மேல் ஒரு சாணோ இரண்டு சாணோ மண். வெயிலுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. மழைக்கு இதைவிடக் கேடும் கிடையாது. வெளியே மழை ஒரு நாள் பெய்தால் உள்ளே மூன்று நாள் சொட்டும், சொட்டுவது சேறு. அதற்காகக் கூரைக்கடியில் கூடாரத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். அது மண்ணையும் தேளையும் பூரானையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் தேங்கித் தொந்திபோலத் தொங்க ஆரம்பித்தால், கீழே தொட்டியை வைத்துவிட்டுத் துணியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். தாமதித்தால் மொத்தமும் படுக்கையில் விழும். கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகரக் குவளைகளில் நிறுத்துவது எறும்புக்காக. குவளை காய்ந்துபோனால் எறும்புக்கு அது ஏணி, தினமும் பார்த்து ஊற்றவேண்டும்.

வடக்கே பிரச்சினை வேறு. டகோட்டாவின் லிங்கன் கோட்டையில் ஏழாம் குதிரைப்படையின் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் கஸ்டரின் வீடு 1874 பிப்ரவரியில் கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே எரிந்துபோனது. குளிருக்காகச் சுவர் இடுக்கில் வைத்திருந்த எண்ணெய்க் காகிதம் தீப்பிடித்ததுதான் காரணம். இரவில் புகைபோக்கிப் பக்கம் உறுமல் சத்தம் கேட்டு அவருடைய மனைவி எலிசபெத் எழுந்து பார்த்தபோது மேல்மாடி பற்றியிருந்தது. உயிர் தப்பியது, உடுப்புகள் தப்பவில்லை. அங்கே தண்ணீர் மிசௌரி ஆற்றிலிருந்து வண்டியில் வரும், வீட்டுக்கு இத்தனை பீப்பாய் என்று கணக்கு. குளிர்காலத்தில் ஆற்றுப் பனியை வெட்டிக் கிடங்கில் அடுக்கிவைப்பார்கள். மர வீடு, தகர அடுப்பு, எண்ணி அளந்த தண்ணீர், எங்கே தீயை அணைப்பது?

சாப்பாட்டுக்கு வருவோம். வீரனின் ரேஷன் ஒரு நாளைக்கு 12 அவுன்ஸ் உப்பிட்ட பன்றிக்கறி, அல்லது 20 அவுன்ஸ் மாட்டுக்கறி, 18 அவுன்ஸ் கோதுமை மாவு. நூறு ரேஷனுக்கு 15 பவுண்டு உலர்ந்த பீன்ஸ் அல்லது 10 பவுண்டு அரிசி, 10 பவுண்டு வறுக்காத காப்பிக்கொட்டை, 15 பவுண்டு சர்க்கரை, மேலும் காடி, உப்பு, சோப்பு, மெழுகுவர்த்தி. சலவைப் பெண்ணுக்கு இது இலவசம். அதிகாரியின் மனைவி இதே பொருள்களைக் கமிஷரி என்ற உணவுக் கிடங்கில் அடக்கவிலைக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டும். பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். பால் இல்லை, வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை, காய்கறி இல்லை. தகரத்தில் அடைத்த தக்காளியும் கெட்டிப்பாலும் வந்துசேரும்போது வரும்.

மற்றதெல்லாம் கோட்டைக் கடைக்காரரிடம். ஒரு கோட்டைக்கு ஒருவர்தான், போட்டி கிடையாது. விலை ஏன் அப்படி ஏறிக்கிடந்தது என்பதற்கு 1876இல் நாடே கேட்ட ஒரு பதில் கிடைத்தது. இன்றைய ஓக்லஹோமாவில் உள்ள சில் கோட்டையின் கடை உரிமையை வாங்கித் தருவதாகப் போர்த்துறை அமைச்சர் பெல்க்னாப்பின் மனைவி ஒரு நண்பருக்கு ஏற்பாடு செய்தார். அந்த நண்பர் அங்கே போகவே இல்லை. ஏற்கெனவே கடை வைத்திருந்தவரையே நடத்தச் சொல்லி, வருடத்துக்கு 12,000 டாலர் வாங்கிக்கொண்டு, அதில் பாதியை அமைச்சர் வீட்டுக்கு அனுப்பினார். மனைவி இறந்தபிறகு அவர் தங்கை அமைச்சரை மணந்தார், பணம் வருவது நிற்கவில்லை. விசாரணை நெருங்கியதும் மார்ச் 2ஆம் தேதி பெல்க்னாப் பதவி விலகினார். அந்த 12,000 டாலரும் சில் கோட்டையின் ஊசி, நூல், சீட்டித்துணி, வெண்ணெய் விலையில்தான் ஏறியிருக்கும், வேறெங்கே ஏறும்?

1870ஆம் ஆண்டுச் சட்டப்படி காலாட்படை இரண்டாம் லெப்டினன்டின் சம்பளம் ஆண்டுக்கு 1400 டாலர், குதிரைப்படை கேப்டனுக்கு 2000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சம்பள அதிகாரி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டியவர், பனியும் வெள்ளமும் வழிமறித்தால் இன்னும் தாமதம். வந்தாலும் கொடுப்பது காகிதப் பணம். பசிபிக் பக்கத்து வியாபாரிகள் தங்க விலையில் கணக்குப் பார்த்து அதைக் கழித்துத்தான் வாங்குவார்கள். 1879இல் காகிதத்துக்குத் தங்கம் தரும் ஏற்பாடு வரும்வரை இந்தக் கழிவு இருந்தது. 1877இல் காங்கிரஸ் ராணுவத்துக்கு நிதி ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றாமல் கலைந்துபோனதால், ஜூலை முதல் நவம்பர் வரை யாருக்கும் சம்பளமே இல்லை. நெஸ் பெர்சே என்ற பூர்வகுடி மக்களோடு படை போரிட்டுக்கொண்டிருந்த அதே மாதங்கள். வீட்டில் இருந்தவர்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லி ஓட்டினார்கள்.

முட்டையில்லாத கஸ்டர்டுக்குச் சோளமாவு, ஆப்பிள் இல்லாத ஆப்பிள் பணியாரத்துக்குக் காடியில் நனைத்த உப்பு பிஸ்கட் என்று சமையல் ஓடியது. ஈஸ்ட்தான் பெரிய தலைவலி. குளிரில் உறங்கிவிடும், வெயிலில் புளித்துக் கெட்டுவிடும். புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த நாளைக்கு உறையாக விடுவது நம்பகமான வழி. அதுவும் தவறினால் சமையல் சோடா. மலைக்கோட்டைகளில் புதிதாக வந்தவர்களைத் திணறவைத்தது பீன்ஸ். கொலராடோவின் கார்லண்ட் கோட்டை ஏறக்குறைய 8000 அடி உயரம். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பீன்ஸ் வேகாது. முந்தின இரவே ஊறவைத்து, காலையில் அடுப்பில் ஏற்றி, மாலையில் இறக்கினால் உண்டு. காய்கறி இல்லாததன் விளைவு பல்லில் தெரியும். ஃபில் கியர்னியில் 1866–67 குளிர்காலம் முடியும்போது ஸ்கர்வி பரவியது. ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய புண் திரும்பத் திறக்கும். தோட்டம் போட்டால் வெட்டுக்கிளி தின்றது, 1874இல் சமவெளி முழுவதும் அதுதான் கதை.

வேலையாள் வைத்துக்கொள்ளலாமே என்றால், கிழக்கிலிருந்து பணிப்பெண்ணைத் தம் செலவில் கூட்டிவருவார்கள். இருநூறு மணமாகாத ஆண்கள் உள்ள இடத்தில் அவள் எத்தனை நாள் பணிப்பெண்ணாக இருப்பாள்? அழகில்லாதவளாகப் பார்த்து அனுப்பச் சொன்னாலும் சில மாதத்தில் ஒரு சார்ஜென்டுக்குக் கழுத்தை நீட்டிவிடுவாள். கடைசியில் வீரன் ஒருவனையே மாதம் ஐந்து முதல் பத்து டாலர் கொடுத்து வீட்டு வேலைக்கு வைத்தார்கள். ஸ்ட்ரைக்கர் என்று பெயர். மற்ற வீரர்கள் அவனை நாயின் சோற்றைத் திருடுபவன் என்று கேலி செய்வார்கள். 1870இல் காங்கிரஸ் இதைத் தடைசெய்தது, வழக்கம் நிற்கவில்லை. ‘அவனாக விரும்பி உதவுகிறான்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

பயணம் இன்னொரு பாடு. ரயில் இருக்கும் இடம்வரை மனைவியின் சீட்டுக்கு அரசு ஒரு காசு தராது. அதற்கப்புறம் ஆம்புலன்ஸ். நோயாளி வண்டியென்று நினைக்கவேண்டாம், நான்கு கோவேறு கழுதைகள் இழுக்கும் வில்வண்டி அது, எதிரெதிர் இருக்கை, பக்கவாட்டில் சுருட்டிவிடும் திரை. ஒரு நாளைக்கு 15 முதல் 25 மைல். விடியுமுன் எழுப்பும் ஊதல், பிற்பகலில் தண்ணீர் உள்ள இடத்தில் முகாம். சாமான் பெட்டியின் மூடியே சாப்பாட்டு மேசை. ரொட்டிக்கு மூன்று கால் வைத்த வார்ப்பிரும்புச் சட்டி, அடியில் தணல், மூடியின் மேலும் தணல். மேலே அதிகமாகவும் அடியில் குறைவாகவும் வைப்பதுதான் சூட்சுமம், மாற்றி வைத்தால் அடி கரிந்து நடு பச்சையாக நிற்கும். வறண்ட நாட்டில் சக்கரத்தின் மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்று ஓடும். இரவில் சக்கரத்தைக் கழற்றி ஓடையில் ஊறப்போடுவார்கள். மணல் ஆறுகளைக் கடக்கையில் வண்டி ஒரு நிமிடம் நின்றாலும் புதைமணல் அச்சுவரை விழுங்கும், கழுதையை அடித்து விரட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்தப் பாட்டையெல்லாம் ஒருங்கே பட்டவர் மார்த்தா சம்மர்ஹேஸ். நான்டக்கெட் தீவுக்காரர், 1874 மார்ச்சில் எட்டாம் காலாட்படை லெப்டினன்ட் ஒருவரை மணந்தார். அந்தக் கோடையிலேயே படை வயோமிங்கிலிருந்து அரிசோனாவுக்கு மாற்றப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஆகஸ்ட் வெயிலில் கப்பல், கொலராடோ ஆற்று முகத்தில் இறங்கி ஆற்றுப் படகு, மொஹாவி கோட்டையிலிருந்து வண்டி, கடைசியில் அப்பாச்சி முகாம். அங்கே 1875 ஜனவரியில் மகன் பிறந்தான். முகாம் மருத்துவர் குண்டுக்காயத்துக்குப் பழகியவர், பிள்ளைப்பேற்றுக்கு அல்ல. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அப்பாச்சிப் பூர்வகுடித் தலைவர்களின் மனைவிகள் மான்தோலும் மணியும் கோத்த முதுகுத் தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, குழந்தையை அதில் கட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்து அவர் போனது கொலராடோ ஆற்றங்கரையின் எஹ்ரென்பெர்க். சேற்றுநீரைப் பீப்பாயில் தெளியவைத்து, ஓயா எனப்படும் மண்பானையில் ஊற்றி நிழலில் தொங்கவிட்டுக் குளிரவைத்துக் குடித்தார்கள். மெக்சிகோ பெண்கள் மெல்லிய ரவிக்கையும் சீட்டிப் பாவாடையுமாக இருப்பதைப் பார்த்து, தானும் அப்படி உடுத்த ஆசைப்பட்டார். ஊர் என்ன சொல்லும் என்று கணவர் மறுத்துவிட்டார். நாற்பது பாகை செல்சியஸ் தாண்டும் வெயிலில் உயர்ந்த கழுத்துப்பட்டையும் நீண்ட கையும் வைத்த வெள்ளை உடுப்பு. அதைக் கஞ்சி போட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு பெண்.

மருத்துவ விஷயத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளலாம். அதிகாரி, வீரர் இருவர் குடும்பத்துக்கும் ராணுவ மருத்துவர்கள் முடிந்தபோதெல்லாம் இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்று சட்டமானது 1884 ஜூலையில். சலவைப் பெண்களைத் தவிர மற்றவர்களுக்கு அதுவரை மருத்துவரின் நல்ல மனம்தான். மனம் இருந்தாலும் மருந்து வேண்டும். பத்தாம் குதிரைப்படைக் கர்னல் கிரியர்சனின் மகள் ஈடித் 1878 செப்டம்பரில் டெக்சாஸின் கான்ச்சோ கோட்டையில் டைஃபாய்டில் இறந்தபோது வயது பதின்மூன்று. பூர்வகுடிகளின் தாக்குதல் பற்றிய பயம் எல்லா நாட்குறிப்பிலும் இருக்கிறது. குடும்பங்களைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சல், பேதி, பிரசவம். அந்தக் கிரியர்சனின் படையில் வீரர்கள் கறுப்பர்கள். அவர்களின் மனைவிகளும் சலவை, சமையல், பிள்ளை வளர்ப்பு என்று அதே கோட்டைகளில் உழைத்தார்கள். அச்சில் வந்த நினைவுநூல்கள் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை அதிகாரிகளின் மனைவிகள் எழுதியவை என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். சோப்பு நுரைத் தெரு அவற்றில் வேடிக்கைக் காட்சியாகத்தான் வருகிறது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். லகோட்டா, செயென் என்ற பூர்வகுடி மக்களின் வேட்டை நிலத்தின் நடுவே, அவர்கள் எதிர்ப்பை மீறிக் கட்டியது ஃபில் கியர்னி. 1866 டிசம்பர் 21இல் கேப்டன் ஃபெட்டர்மன் தலைமையில் வெளியே போன 81 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. மறுநாள் தளபதி கேரிங்டன் மீதி உடல்களை எடுக்கப் போகுமுன், கோட்டை விழுந்தால் பெண்களையும் குழந்தைகளையும் வெடிமருந்துக் கிடங்கில் வைத்து வெடிக்கச் செய்யுமாறு உத்தரவிட்டுப் போனார். அந்தப் பெண்களில் ஒருவர் பிரான்சஸ் கிரமண்ட், முந்தின நாள்தான் கணவரை இழந்த கர்ப்பிணி. ஜனவரியில் பனிக்குள் அவர்கள் கிளம்பியபோது வண்டிகளுக்குப் பலகையடித்து, சின்னக் கதவும் தகர அடுப்பும் வைத்தார்கள். அடுப்பு இருந்தும் ரொட்டியைக் கோடரியால் வெட்டவேண்டியிருந்தது. கணவரின் உடலையும் பெட்டியில் வைத்து டென்னசிவரை கொண்டுபோனார் பிரான்சஸ்.

பத்து வருடம் கழித்து லிட்டில் பிக்ஹார்ன் போர். லகோட்டா, செயென் மக்களோடு போரிட்டு கஸ்டரும் அவரோடு போனவர்களும் இறந்தார்கள். 1876 ஜூன் 25இல் நடந்தது, ஃபார் வெஸ்ட் என்ற நீராவிப் படகு செய்தியைக் கொண்டுவந்தது ஜூலை 5 நள்ளிரவை ஒட்டி. மறுநாள் விடியலில் லிங்கன் கோட்டையின் அதிகாரிகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். தன் கணவர் இறந்ததைக் கேட்ட எலிசபெத் கஸ்டர், சால்வையைப் போர்த்திக்கொண்டு மற்ற வீடுகளுக்கு அவர்களோடு போனார். கஸ்டரின் தங்கை மார்கரெட்டுக்கு ஒரே நாளில் கணவர், மூன்று அண்ணன்கள், அக்காள் மகன் என்று ஐந்து பேர் இல்லை. வீடுகள் பதவிக்கு உரியவை, பதவி போனதும் காலி செய்யவேண்டும். அடுத்த அதிகாரி வந்துகொண்டிருப்பார்.

விதவை என்ற பெயரில்தான் மனைவி அரசுக் கணக்கேட்டில் ஏறினாள். ஓய்வூதியம் கணவனின் பதவிப்படி, லெப்டினன்ட் கர்னலின் விதவைக்கு மாதம் 30 டாலர், சாதாரண வீரனின் விதவைக்கு 8. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு 2 டாலர் கூடுதல். மறுமணம் செய்தால் நின்றுவிடும். விண்ணப்பத்தோடு திருமணச் சான்று வைக்கவேண்டும். கோட்டையில் பாதிரியார் முன்னிலையிலோ, அவரும் இல்லாமல் தளபதியின் வாய் அனுமதியோடோ வாழத் தொடங்கிய சலவைப் பெண்களிடம் அந்தக் காகிதம் இருக்காது. கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடிப்பிடித்து உறுதிமொழி எழுதி வாங்கவேண்டும், பார்த்தவர்களில் பலர் அதே கம்பெனியின் ஆட்கள்.